ஓதக்கோடு

தெலுக் பிளாங்கா. வீவக அடுக்ககத்தின் கீழ்த்தளம்.
இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுழன்றது.
நாங்கள் கொண்டுபோனது இருபது நாற்காலி,
வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
மற்றவர்கள் தரையில் அமர்ந்தார்கள்,
படகில் அமர்வதுபோல்
முழங்காலைக் கட்டிக்கொண்டு.

நான் வரைபடக்காரி. பேசுவது என் வேலையில்லை.
தூணில் பசைநாடா ஒட்டித் தீவை மாட்டினேன்:
பூலாவ் கெர்சிக், ஒன்றுக்கு ஐந்நூறு.
வடக்கே நடைமேடை, தெற்கே காட்சிக்கூடம்,
நடுவில் பாரம்பரிய அனுபவ மையம்.
அதற்கு நான் கொடுத்த நிறம் பவளம்.

திரு சியாவ் பேசினார்.
நிலைத்தன்மை என்ற சொல் பதினோரு முறை வந்தது.
பாட்டன் காலம் வரை மிதந்தே வாழ்ந்த வீட்டாரிடம்
நிலைத்து நிற்பதைப் பற்றி.
யாரும் சிரிக்கவில்லை.
யாரோ நண்டுக்கறிச் சட்டியின் மூடியைச் சரிசெய்தார்கள்,
அவ்வளவுதான்.

நோர்லியா எழுந்து வந்தாள்.
பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்த கையோடு வந்தவள்,
சீருடைகூட மாற்றவில்லை.
என் படத்தில் விரல் வைத்தாள்.
'இந்தக் கோடு என்ன?'
'கரை.'
'எத்தனை மணிக்கு?'

என்னிடம் பதில் இல்லை.
மூன்று மாதம் வரைந்த கோடு அது,
கறுப்பு, தடிமன் அரை மில்லிமீட்டர்.

அவர்களிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது.
பள்ளிக் கணக்கு நோட்டில், நான்கு பேர் கையெழுத்தில்,
பல இடங்களில் அடித்துத் திருத்தி,
ஒரு பக்கத்தில் சாம்பல் கறை.
படகு கட்ட நான்கு முளை போதும்.
கண்டல் நாற்று எங்கே என்பதைச் சேறு சொல்லும்.
முட்டை சுமக்கும் நண்டு மறுபடி தண்ணீருக்கே.
கல்லறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாது.
அமாவாசையை ஒட்டி மூன்று நாள்
திட்டு வெளியே தெரியும்,
அப்போது விருந்தாளி எவரும் வேண்டாம்.

'விருந்தாளி இல்லாமல் டீசலுக்குக் காசு?'
ஜம்ரி. அவளுடைய சித்தப்பா மகன்.
பத்து அறையாவது கட்ட வேண்டும் என்றான்.
பிறகு மலாயில் வேகமாக ஏதேதோ.
எனக்குப் பாதி புரிந்தது;
புரிந்த பாதியில்
யாருடைய தகப்பன் யாருடைய வலையை
எந்த ஆண்டு அறுத்தான் என்பதும் இருந்தது.

திரு சியாவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
சமூகப் பங்கேற்புக்கு நாங்கள் ஒதுக்கியது
நாற்பத்தைந்து நிமிடம்.
சண்டை மட்டுமே ஒரு மணி நேரம் நடந்தது.
இடையில் கோப்பி ஓ வந்தது, நண்டும் வந்தது,
ஜம்ரிக்கு முதல் தட்டை நோர்லியாதான் நீட்டினாள்.
சண்டை மட்டும் நிற்கவில்லை.

கை தூக்கினார்கள்.
அறை வேண்டாம் என்று இருபத்துமூன்று.
வேண்டும் என்று பதினேழு.
ஒரு குழந்தை தூங்கிவிட்டது.
ஜம்ரி நோட்டை வாங்கி
தன் தோல்வியைத் தானே எழுதினான்,
கீழே ஒரு வரி சேர்த்து:
இரண்டு ஆண்டு கழித்து மறுபடி கேட்பேன்.

திரும்பும் எம்ஆர்டியில்
வரைபடக் குழல் மடியில் கனத்தது.
மரின் பரேட்டில் என் படுக்கையறை,
பழைய படங்களில் பார்த்திருக்கிறேன்,
இரண்டு பாகம் ஆழத் தண்ணீர்.
அங்கே கரையை நகர்த்தியவர்கள்
யாரிடம் மணி கேட்டார்கள்?

அன்றிரவு காட்சிக்கூடத்தை அழித்தேன்.
எக்செல் தாளில் நிலவுக்கு நிரல் இல்லை;
தேதிக்கும் செலவுக்கும் நடுவே ஒன்று நுழைத்தேன்.
பயனாளிகள் என்றிருந்த தலைப்பில்
முடிவெடுப்போர் என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.

கரையை மட்டும் விட்டுவைக்க மனமில்லை.
தடித்த கோட்டை எடுத்துவிட்டு
புள்ளிகளாக இரண்டு கோடு, இடையே வெறும் தாள்.

திங்கட்கிழமை திரு சியாவ் கண்ணாடியைக் கழற்றினார்.
'இந்த நடுப்பகுதி என்ன கணக்கு?
நிலமா, கடலா?
மொத்தம் எத்தனை சதுர மீட்டர்?'

ஓத அட்டவணையை அவர் பக்கம் தள்ளினேன்.
'எத்தனை மணிக்கு, சார்?'